அவர் பெயரில் கட்டியது

வீட்டுச் சொந்தக்காரரான சீன முதலாளி ஊய் தவுக்கே வாடகை வாங்க வருகிறவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வாடகையை அவருடைய கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பழக்கம். ஆகவே அவர் சுங்கை பினாங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கு வந்து, மூச்சு வாங்கியபடி கம்பிக்கதவுக்கு வெளியே நின்றதைப் பார்த்தபோதே இது வாடகை விஷயம் இல்லை என்று லோகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

“உள்ள வாங்க தவுக்கே.”

“வேண்டாம், வேண்டாம். சப்பாத்து கழட்டணும். இடுப்பு வளையாது.”

வெளியே நின்றபடியே பசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், சொல்லி முடித்தார். வயதாகிவிட்டது, மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிடுகிறான், வீட்டை விற்கப்போகிறார். அவளுக்கு வேண்டுமென்றால் அவளுக்கே தருவார், மற்றவர்களுக்குச் சொல்லும் விலையிலிருந்து கொஞ்சம் குறைத்து. ஆனால் மூன்று மாதம்தான். அதற்குள் வங்கி கடன் தருவதாகக் கடிதம் கொண்டுவர வேண்டும்.

போகும்போது திரும்பிப் பார்த்து, “தயாளன் இருந்திருந்தா இன்னைக்கே கையெழுத்து போட்டிருப்பான்” என்றார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு லோகேஸ்வரி துணி காயவைக்கும் கழியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டாள்.

அவள் கணவர் தயாளன் இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. ஜுருவில் ஒரு கார் பட்டறையின் உதிரிபாகக் கிடங்கில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவருடைய சேமநிதிப் பணம் லோகேஸ்வரியின் கணக்குக்கு வந்தது. அதில் ஒரு வெள்ளியைக்கூட அவள் தொடவில்லை. எதற்காகத் தொடாமல் வைத்திருந்தோம் என்பது அன்று மாலைதான் அவளுக்குத் தெரிந்தது. முன்பணத்துக்கு அது போதும். மிச்சத்துக்குத்தான் கடன்.

தொழிற்சாலையில் அவளுடைய உற்பத்தி வரிசைக்குத் தலைவி ஷாஹிரா. மத்தியானச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்டவுடன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, நேரா பேங்குக்குப் போயிடாத. முதல்ல சிசிரிஸ் ரிப்போர்ட்டு எடுத்துப் பாரு. நீ எங்கெங்க கடன் வாங்கின, எந்த மாசம் கட்டல, எல்லாம் அதுல இருக்கும். நான் பாக்காம போனேன். என்ன ஆச்சு தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கிரெடிட் கார்டு, முந்நூறு வெள்ளி பாக்கி, நானே மறந்துட்டேன். அந்தப் பேப்பர் மறக்கல. என் புருஷன் ரெண்டு நாள் என்கூடப் பேசல.”

“கார்டுக்கா?”

“கார்டுக்கு இல்ல. அந்தக் கார்டுல என்ன வாங்கினேன்னு கேட்டாரு. சொல்ல முடியல லா.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். லோகேஸ்வரியும் சிரித்தாள். அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவள் இல்லை அவள்.

அடுத்த புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மத்திய வங்கி அலுவலகத்துக்குப் போய், அடையாளக் கார்டைக் கொடுத்து, கட்டைவிரலை வைத்து அந்த அறிக்கையை வாங்கினாள். அவளுக்கு முன்னால் வாங்கிய ஆளுக்கு ஆறேழு தாள்கள் வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெருமூச்சு விட்டார். அவளுக்கு ஒரே ஒரு தாள். மேலே அவள் பெயர், அடையாள எண். கீழே கட்டம் கட்டமாகக் கோடுகள், ஒவ்வொரு கட்டத்திலும் ‘தகவல் இல்லை’ என்று மலாயில். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவள்போல அதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பர்மா ரோட்டில் இருந்த ஒரு வங்கிக்கு நடந்தே போனாள்.

கடன் பிரிவில் சுபாஷினி என்ற பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். தமிழ்ப் பெண்ணாக இருந்தது லோகேஸ்வரிக்குத் தெம்பாக இருந்தது.

“அக்கா, இது உங்களோடதா?”

“ஆமாம்மா. சுத்தமா இருக்குல்ல?”

சுபாஷினி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். “சுத்தம்னு சொல்ல முடியாதுக்கா. காலியா இருக்கு.”

“கடன் வாங்காதது தப்பா?”

“தப்பு இல்லக்கா. ஆனா கடன் குடுத்தா நீங்க எப்படிக் கட்டுவீங்கன்னு பேங்குக்குத் தெரியணும்ல? இந்தத் தாளப் பாத்தா நீங்க யாருன்னே மேல உள்ளவங்களுக்குத் தெரியாது.”

“நாப்பத்தேழு வயசாச்சு. யாருன்னே தெரியாதா?”

சுபாஷினிக்குச் சங்கடமாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிரெடிட் கார்டு? இல்லை. மோட்டார் கடன்? இல்லை. வீட்டுக் கரண்டு பில் யார் பெயரில்? அவளுடைய வீட்டுக்காரர் பெயரில். தண்ணீர்? தவுக்கே பெயரில். வாடகைக்கு ரசீது? தவுக்கே ரசீது தருவதில்லை, நோட்டில் ஒரு சுழி போடுவார். டெலிபோன்? அதுவும் வீட்டுக்காரர் பெயரில்தான்.

“ஒரு சின்னக் கார்டு எடுத்து, ஒரு வருஷம் ஒழுங்காக் கட்டிட்டு வாங்கக்கா. அப்ப ஈஸியாப் போகும்.”

“எனக்கு மூணு மாசம்தான் இருக்கு.”

அப்போதுதான் லோகேஸ்வரிக்கு அது நினைவுக்கு வந்தது. கைப்பையைத் திறந்து, ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பணம் போடும் இயந்திரத்தில் வந்த சீட்டுகள், முப்பத்துநான்கு. இயந்திரச் சீட்டில் எழுத்து நாளாக நாளாக வெளுத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே போட்டோஸ்டட் எடுத்துச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்திருந்தாள்.

“காடிக்காசு, எங்க காரோட கடன் தவணை. ஒவ்வொரு மாசமும் அஞ்சாந் தேதிக்குள்ள கட்டிடுவேன். ஒரு மாசம்கூடத் தவறினது இல்ல.”

சுபாஷினி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

“இது யாருக்கா, தயாளன்? உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“அப்ப ஏன்க்கா கவலைப்படுறீங்க? அவர் பேர்ல இவ்ளோ அழகா ரெக்கார்டு நிக்குமே! அவரையும் சேத்து ரெண்டு பேர் பேர்லயும் போடலாம். அவரோட சம்பள சிலிப்பு இருந்தா போதும். நீங்க மட்டும்னா கஷ்டம். அவரும் வந்தா உடனே முடிஞ்சிடும்.”

பேசிக்கொண்டே விண்ணப்பப் படிவத்தை எடுத்து, இரண்டாவது விண்ணப்பதாரர் என்ற பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தாள்.

அந்த நொடியில் லோகேஸ்வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு இரண்டே வார்த்தைதான். சொல்லவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

“கேட்டுச் சொல்றேம்மா” என்றாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. யாரையும் ஏமாற்ற அவள் நினைக்கவில்லை. அந்தப் பெண் ‘அவரும் வந்தா’ என்று சொன்னபோது, அவர் ஜுருவில் வேலையாக இருப்பதுபோலவும், மாலையில் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோலவும் இருந்தது. அது அவ்வளவு இயல்பாக இருந்தது. அதை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். பேனாவை எடுத்து இரண்டாவது விண்ணப்பதாரர் பக்கத்தை நிரப்பத் தொடங்கினாள். பெயர்: தயாளன் த/பெ சுப்பையா. அடையாள எண்: தன்னுடையதை எழுத அவள் கார்டைப் பார்க்க வேண்டும், அவருடையது மனப்பாடம். பிறந்த தேதி. வேலை செய்யும் இடம். எத்தனை வருடமாக. எல்லாம் எழுதினாள். எழுத எழுத மனம் லேசாகிக்கொண்டே போனது. கையெழுத்து என்று இருந்த கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.

கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயராஜ் வந்தான். தயாளனின் தம்பி. அண்ணன் போனதிலிருந்து காரை அவன்தான் ஓட்டுகிறான். லோகேஸ்வரிக்கு ஓட்டத் தெரியாது. சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல் அவன் பொறுப்பு, மாதத் தவணை அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பசாருக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போவான். புதன்கிழமை வேலை முடிந்து வந்து இங்கே சாப்பிடுவான்.

“என்னா அண்ணி, இன்னைக்கும் ரசமா? உங்க வீட்டுக்கு வந்தாதான் எனக்கு ஒல்லியாகணும்னு ஞாபகம் வருது” என்றபடி மேசையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். படிவத்தைக் கையில் எடுத்தான்.

“என்னது இது?”

“சும்மா எழுதிப் பாத்தேன்.”

“சும்மாவா? பேங்கு பாரத்துல, செத்துப் போனவரு பேர… அண்ணி, இது ஜெயிலு. புரியுதா? ஜெயிலு.”

“குடுத்துட்டா வந்தேன்? எழுதிப் பாத்தேன்னுதானே சொல்றேன்.”

நடந்ததை முழுவதும் சொன்னாள். ஜெயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. ஆனா காடி பேங்குக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

“மூணு வருஷமா நீ இதையேதான் சொல்றே.”

“அப்புறம்? தெரிஞ்சா மறுநாளே காடிய இழுத்துட்டுப் போயிடுவானுங்க. இத்தன நாள் ஏன் மறைச்சேன்னு கேசும் போடுவான்.”

“சொல்லாதேன்னு சொன்னது யாரு? அவருக்குப் பதினாறாம் நாள் சடங்கு அன்னைக்கு, வாழையிலகூட எடுக்கல, என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னே.”

“எங்க பேக்டரியில ஒரு ஆளோட அப்பா செத்து, காடி போச்சுன்னு சொன்னாங்க. நல்லதுக்குத்தான் சொன்னேன்.” அவன் குரல் இறங்கியது. “என் பேர்ல மாத்திக்கலாம்னா, என் பேருதான் நாறிக் கிடக்கே. பழைய மோட்டார், பழைய போனு, எல்லாம் கட்டாம விட்டது. அண்ணன் பேரு ஒண்ணுதான் இந்தக் குடும்பத்துல நல்ல பேரு.”

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டான்: “நான் அப்பவே சொன்னேன், காச எங்கிட்டக் குடுங்க, போன்லயே கட்டிடறேன்னு. வெயில்லயும் மழையிலயும் அந்த மிசினுக்கே ஏன் நடக்கிறீங்க?”

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். சொன்னால் அவனுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

தயாளன் போன இரண்டாவது மாதம் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தபோது, பழக்கத்தில் இருவர் பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டாள். குருக்கள் தட்டை வாங்கியபடி, மெதுவான குரலில், “இனிமே அவர் பேரச் சொல்லக்கூடாதும்மா. இருக்கிறவங்க பேருக்குத்தான் அர்ச்சனை” என்றார். திட்டவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாக அந்தப் பெயர் கழன்றுகொண்டே வந்தது. பட்டறையில் அவருடைய அலமாரியிலிருந்த பெயரைக் கிழித்தார்கள். கல்யாணப் பத்திரிகைகள் ‘திருமதி லோகேஸ்வரி’ என்று வரத் தொடங்கின. உறவுக்காரர்கள் அவள் எதிரில் அந்தப் பெயரை விழுங்கினார்கள்.

அந்த இயந்திரம் மட்டும் விழுங்கவில்லை. கணக்கு எண்ணை அழுத்தினால் திரையில் அவர் முழுப்பெயர் வரும். இவருக்குத்தான் பணம் போடுகிறீர்களா என்று கேட்கும். ஆம் என்று அழுத்துவாள். மாதத்துக்கு ஒரு முறை, ஐந்தாம் தேதிக்குள். பின்னால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவாள். ஆம் என்பதை உடனே அழுத்தமாட்டாள்.

மறுநாளே அவளால் வங்கிக்குப் போக முடியவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். ஊய் தவுக்கேயின் தரகன் இரண்டு பேரை வீடு காட்டக் கூட்டிவந்தான். அவர்களில் ஒருத்தி சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, இதை இடித்துவிடலாம் என்று கணவனிடம் சொன்னாள். தயாளன் அந்தச் சுவரில் ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு முந்தின வாரம் தன் கையால் சுண்ணாம்பு அடிப்பார். அடித்துவிட்டு, “வாடகை வீட்டுக்கு இது போதும், சொந்த வீடா இருந்தா நீல பெயிண்டு அடிப்பேன்” என்பார். அடுத்த நாள் லோகேஸ்வரி அரை நாள் விடுப்புப் போட்டாள்.

சுபாஷினியின் முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து மரணச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தாள். சுபாஷினி தேதியைப் பார்த்தாள். தட்டச்சு செய்த கை நின்றது.

“அக்கா… மன்னிச்சிருங்கக்கா. நான் தெரியாம அவரையும் சேத்து…”

“நீ தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. அவரையும் சேத்துக்கலாம்னு மூணு வருஷத்துல யாரும் எங்கிட்டச் சொன்னது இல்ல. அதான் வாய் அடைச்சுப் போச்சு.”

சுபாஷினி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீர் பிடிக்கத்தானா, கண்ணைத் துடைத்துக்கொள்ளவுமா என்று தெரியவில்லை, அவள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வழி இருக்குக்கா. காடிக்கடன் குடுத்த பேங்குல போயி, அவரு தவறிட்டாருன்னு சொல்லுங்க. இந்தத் தேதிக்கு அப்புறம் கட்டுன காசெல்லாம் நீங்க கட்டுனதுன்னு இந்தச் சீட்டுகளக் காட்டி ஒரு லெட்டர் வாங்குங்க. அத வச்சு நான் மேல எழுதறேன். முப்பத்துநாலு மாசம் தவறாமக் கட்டின ஆளுன்னு எழுதறேன்.”

“சொல்லாம வாங்க முடியாதா?”

“எப்படிக்கா முடியும்? அவங்க கணக்குல அவர் உயிரோட இருக்கிறவரைக்கும் அது அவர் கட்டினதுதானே.”

ஜெயராஜ்தான் காடிக்கடன் வங்கிக்குக் காரில் கொண்டுபோய் விட்டான். வங்கி வாசலில் நிறுத்த இடமில்லாமல் விளக்கைச் சிமிட்டவிட்டுக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டான்.

உள்ளே அக்மல் என்ற இளைஞன் சான்றிதழையும் சீட்டுக் கட்டையும் வாங்கிப் பார்த்தான். அக்கா என்பதற்குக் ‘காக்’ என்று, மலாயில் மரியாதையாகப் பேசினான்.

“காக், மூணு வருஷமா ஏன் வரல?”

“சொன்னா காடிய இழுத்துடுவீங்கன்னு…”

“யாரு சொன்னது? தவணை ஒழுங்கா வந்தா நாங்க ஏன் இழுக்கப்போறோம்? அப்பவே வந்திருந்தா, பேப்பரெல்லாம் எடுத்துக் கடனை உங்க பேருக்கே மாத்தியிருக்கலாம். இவ்வளவு நாள் கட்டினது எல்லாம் உங்க பேர்ல நின்னிருக்குமே.”

அவன் சொன்னதில் குத்தல் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவன் தொனியில்தான் சொன்னான். லோகேஸ்வரி முழங்கால்மேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டாள். முப்பத்துநான்கு மாதம். மழையில் குடை திரும்பிப்போன நாள், காய்ச்சலோடு போன நாள், சம்பளம் தாமதமானபோது ஷாஹிராவிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு ஓடிய நாள். ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை. அவள் வருத்தப்பட்டது அதற்காக இல்லை. அவர் பெயர் கெடாமல் இருந்ததே, அது போதும் என்றுதான் அப்போதும் தோன்றியது. இப்போது அந்தக் கணக்கைத் தன் கையாலேயே மூடவேண்டும்.

அக்மல் தட்டச்சு செய்தான். இறந்த தேதியைக் கேட்டான். சான்றிதழில் இருக்கிறதே என்றாள். வாயால் சொல்ல வேண்டும், அதுதான் நடைமுறை என்றான். சொன்னாள்.

“சரி. இன்னையிலேருந்து இந்தக் கணக்கு நிறுத்தம். இனிமே மிசின்ல பணம் போடாதீங்க, எடுத்துக்காது.”

“பேரு வராதா?”

“எந்தப் பேரு, காக்?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி இருந்தது. அதை அவள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது காரை ஒப்படைத்துவிடலாம், விற்ற பணத்தில் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியை வாரிசுக்குத் தருவார்கள் என்று அக்மல் விளக்கினான். கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனபோது சுபாஷினி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“உங்க ஒரு சம்பளத்துல காடியும் வீடும் நிக்காதுக்கா. ரெண்டுல ஒண்ணுதான்.”

ஜெயராஜிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் மூன்று நாள் வார்த்தை தேடினாள். கடைசியில் போனில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் “ம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அந்தப் புதன்கிழமை சாப்பிட வரவில்லை. அவனுக்கு வேலை ஜுருவில், குடியிருப்பு ஆயர் ஈத்தாமில். கார் இல்லையென்றால் தினமும் கடல்பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். காரை விட்டுக்கொடு என்று அவனை எப்படிக் கேட்பது? ‘வீடு வேண்டாம், புக்கிட் மெர்தாஜாமில் ஓர் அறை பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வந்தான். சட்டை நனைந்திருந்தது. சாவியை மேசைமேல் வைத்தான்.

“கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். நாளைக்கு லீவு போட்டுட்டு வாங்க. போயி ஒப்படைச்சிடலாம்.”

“நீ எப்படிடா வேலைக்குப் போவே?”

“பஸ்ஸு எதுக்கு ஓடுது? எங்க சூப்பர்வைசரே பஸ்லதான் வர்றான். அவன் வழியில தூங்கிக்கிட்டே வர்றான், நானும் தூங்குவேன்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “வீடு இருந்தா நான் வந்து சோறு திம்பேன். காடிய வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? உங்கள எந்த வாசல்ல போய் இறக்கிவிடறது?”

ஒப்படைக்கும் இடம் ஜுருவில் ஒரு பெரிய திறந்த வெளி. வரிசையாகக் கார்கள், கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்கள். ஓர் ஆள் வந்து சுற்றிப் பார்த்து, கீறல்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டான். பத்து நிமிட வேலை. தயாளன் வேலை செய்த கார் பட்டறை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

பாலத்தின்மேல் பஸ் போகும்போதுதான் லோகேஸ்வரி அவனிடம் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். குருக்கள் சொன்னது, திரையில் பெயர் வருவது, ஆம் என்று அழுத்துவது எல்லாம். ஜெயராஜ் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முன்னயே சொல்லியிருந்தா” என்றான் கடைசியில், “நானும் ஒரு மாசம் வந்திருப்பேன்ல.”

சுபாஷினியின் அழைப்பு வந்தபோது தவுக்கே கொடுத்த கெடுவில் ஒன்பது நாள்தான் மிச்சம். தொழிற்சாலை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, கழிவறைக்குள் போய்ப் பேசினாள். கடன் கிடைத்துவிட்டது. கேட்டதைவிடக் குறைவுதான். குறைந்ததைச் சேமநிதிப் பணமும் காரில் மீந்ததும் சரிக்கட்டும். “மேல உள்ளவங்க அந்த லெட்டரத்தான் ரெண்டு தடவ படிச்சாங்கக்கா” என்றாள் சுபாஷினி. ஷாஹிராவிடம் சொன்னபோது அவள் கட்டிப்பிடித்துக் கத்தினாள். வரிசையில் எல்லோரும் கை தட்டினார்கள். லோகேஸ்வரிக்கு யாரிடமோ சொல்லாமல் விட்டுவிட்டதுபோலவே அன்று முழுவதும் இருந்தது.

வக்கீல் அலுவலகத்தில் இருபது, முப்பது இடங்களில் கையெழுத்து. கோகிலா என்ற எழுத்தர் பக்கம் பக்கமாகத் திருப்பி விரலால் காட்டிக்கொண்டே வந்தாள். திருமண நிலை என்ற கட்டத்தில் ‘விதவை’ என்று அச்சிலேயே இருந்தது. கடைசியில், கடனுக்கான காப்புறுதிப் படிவம்.

“உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குத் தெரிவிக்கணும்மா?”

“ஜெயராஜ் த/பெ சுப்பையா.”

“என்ன உறவு?”

“கொழுந்தன்.”

கொழுந்தன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் பழக்கம். தட்டி எழுப்பினாள். இருவரும் குறுகலான மரப்படிகளில் இறங்கினார்கள். பாதியில் அவள் நின்றாள்.

“ஜெயா, ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மறுநாளே பேங்குல போய்ச் சொல்லிடு. சடங்கெல்லாம் அப்புறம். முதல்ல பேங்கு.”

“நல்ல நாள்ல என்னா பேச்சு அண்ணி இது. வாயக் கழுவுங்க.”

“விளையாடாத. எம்பேர்ல கட்டிக்கிட்டு இருக்காத. சத்தியம் பண்ணு.”

அவன் அவளுக்கு முன்னால் இரண்டு படி இறங்கிப் போனான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பவில்லை.

“சத்தியமெல்லாம் பண்ண முடியாது” என்றான். “நானும் கொஞ்ச நாள் கட்டத்தான் செய்வேன்.”

லோகேஸ்வரி அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். கீழே இருந்து யாரோ மேலே ஏறி வந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகச் சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு வழிவிட்டார்கள்.